ஜோ அபேவிக்கிரம: சிரிக்க வைத்தவர், என்னை அழ வைத்தவர்

சிங்களத் திரையுலகின் ஒப்பற்ற குணசித்திர நடிகர் ஜோ அபேவிக்கிரம 2011 செப்ரெம்பர் 21 ஆம் திகதி தமது 84 ஆவது வயதிற் காலமானார். மறுநாள் பத்திரிகைக்கு அவரது மறைவுச் செய்தியை எழுதியவன் நான். நாலைந்து பந்திகளில் முடித்துக் கொடுத்துவிட்டேன். எழுத வேண்டியிருந்ததை அன்று எழுதவில்லை என்ற உறுத்தல் நெடுநாளாக உண்டு. அதனை இங்கே தீர்த்துக்கொள்கிறேன்.

இரத்தினபுரி மாவட்டத்தின் லெல்லோப்பிட்டியவில் 1927 இற் பிறந்த ஜோ, 1957 இல் வெளிவந்த 'தேவசுந்தரி' மூலம் திரைக்கு வந்தார். ஆரம்ப காலத்தில் அவர் நகைச்சுவை நடிகராகவே அறியப்பட்டார். கதாநாயகனுக்குரிய முகவெட்டு அவருக்கு இல்லை. சந்தையிலும் பஸ் தரிப்பிடத்திலும் நாம் காணும் சாதாரண மனிதரின் முகம் அது. அதுவே பின்னர் அவருடைய பெருஞ்செல்வமாயிற்று.

எழுபதுகளின் தொடக்கத்தில், பத்திரிகைத் தொழிலுக்குப் புதியவனாகக் கொழும்பு வந்திருந்த என்னை, உடன் பணியாற்றிய சிங்கள நண்பரொருவர் 'வெலிகதர' பார்க்க அழைத்துச் சென்றார். டி.பி. நிஹால்சிங்க இயக்கி 1971 இல் வெளிவந்த அப்படம் இலங்கையின் முதலாவது சினிமாஸ்கோப் திரைப்படமாகும். கதை நிகழ்வதோ நமது பருத்தித்துறைக் கரையோரத்தில். பொலிஸ் அதிகாரியாகக் காமினி பொன்சேகா. கள்ளக்கடத்தற்காரர் கோரிங் முதலாளியாக ஜோ. நட்சத்திர நாயகனுக்கு எதிரே நின்று, குரலை உயர்த்தாமல், ஒரு சிரிப்பினாலேயே அச்சமூட்டினார் அந்த 'கோமாளி'. அன்றே நான் அவருடைய இரசிகனானேன்.

1980 இல் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் இயக்கிய 'பெத்தேகம'வில் அவர் வேட்டைக்காரன் சிலிந்து. அம்பாந்தோட்டையில் அரச அதிகாரியாக இருந்த லெனார்ட் வுல்ஃப் 1913 இல் வெளியிட்ட நாவலே அப்படத்தின் மூலம். அதிகாரமுடையோர் நெருக்கி நெருக்கி, இறுதியில் துப்பாக்கி தூக்க வைத்த ஏழை மனிதனை ஜோ நம் கண்முன் நிறுத்தினார். 1986 இல் 'மல்தெனியே சிமியோன்' படத்தின் பெயர்ப் பாத்திரமும் அவரே.

எனினும், நான் சொல்ல வந்தது பிரசன்ன விதானகே 1997 இல் உருவாக்கிய 'புர ஹந்த களுவர' பற்றி. பூரணை நாளில் ஒரு மரணம் என்பதே கதை. போர்முனையிலிருந்து முத்திரையிடப்பட்ட சவப்பெட்டியொன்று வறண்ட கிராமமொன்றுக்கு வருகிறது. பார்வையற்ற முதியவர் வன்னிஹாமியிடம், உள்ளே இருப்பவன் உமது மகன் என்கிறார்கள். அவர் நம்ப மறுக்கிறார். நட்டஈட்டுப் பத்திரத்தில் ஒப்பமிடவும் மறுக்கிறார். வீட்டில் வறுமை, மகளின் திருமணம் காத்திருக்கிறது, அயலவரும் அதிகாரிகளும் வற்புறுத்துகிறார்கள். கிழவர் மண்வெட்டியுடன் புதைகுழிக்குச் செல்கிறார். பெட்டிக்குள் வாழைக்குற்றியும் கற்களுமே இருக்கின்றன.

இந்நடிப்புக்காக 1999 ஆம் ஆண்டு சிங்கப்பூர் சர்வதேசத் திரைப்பட விழாவில் ஜோ சிறந்த நடிகர் விருதினைப் பெற்றார். இலங்கையிலோ 2000 இல் அரசு படத்தைத் தடைசெய்தது. உயர்நீதிமன்றத்தின் தலையீட்டின் பின் 2001 இலேதான் அது இங்கு திரைக்கு வந்தது.

கொழும்புத் திரையரங்கொன்றில் அதனைத் தனியே பார்த்தேன். எனது சின்னம்மாவின் மகன் 1990 இல் வேலைக்கெனச் சென்றவன்; திரும்பவில்லை. சில ஆண்டுகளின் பின், மரணச் சான்றிதழ் பெற்றால் நட்டஈட்டுக்கு விண்ணப்பிக்கலாம் என்று பத்திரங்களைச் சின்னம்மாவிடம் கொண்டுசென்றவன் நானே. "பெடியன் செத்ததை நீ கண்டனியோ?" என்று ஒரேயொரு கேள்விதான் கேட்டார். நான் விடவில்லை. படித்தவன், செய்தியாளன் என்ற தோரணையில் மும்முறை சென்று வற்புறுத்தினேன். அவர் பிடிவாதக்காரி என்று உறவினரிடம் குறையும் கூறினேன்.

திரையில் வன்னிஹாமி அந்தப் பத்திரத்தின் முன் மௌனமாக அமர்ந்திருந்தபோது, நான் கண்டது சின்னம்மாவை. அவருக்கு எதிரே இருந்த அதிகாரிகளின் இடத்தில் என்னைக் கண்டேன். பெரிய வசனம் ஏதுமில்லை, கதறல் இல்லை. ஒரு தகப்பன் தன் மகனைக் காகிதத்தில் கொல்ல மறுப்பதை ஜோ நடித்துக் காட்டினார். அவர் வேறு மொழி பேசினார். அவருடைய மகன் மறுதரப்பில் நின்று போரிட்டவன். அழுகை மட்டும் எங்கள் வீட்டு அழுகையாயிருந்தது.

அதன் பின்னர் சின்னம்மாவிடம் அப்பேச்சை எடுக்கவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. 2006 இல் அவர் இறந்தபோது பத்திரங்கள் ஒப்பமிடப்படாமலே தலைமாட்டுப் பெட்டிக்குள் இருந்தன. 2017 இல் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தாய்மார் பிள்ளைகளின் படங்களுடன் வீதியோரத்தில் அமர்ந்து, மரணச் சான்றிதழும் நட்டஈடும் வேண்டாம், பிள்ளைகள் எங்கே எனக் கேட்டபோது, அவர்களைப் பிடிவாதக்காரர் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

ஜோவை நேரிற் கண்டு இதனைச் சொல்ல வேண்டுமென எண்ணியிருந்தேன். இன்று போவோம், நாளை போவோம் என்று நாட்கள் கழிந்தன. கடைசியில் மறைவுச் செய்தி எழுதும் பணிதான் எனக்கு வாய்த்தது.