விட்டுப்போன எண்

ஓசூரில் ஒரு தொழிற்சாலையின் சாமான் கிடங்கில் முப்பது வருஷம் கணக்கு எழுதியவன் நான். எல்லைப்புறத்து ஊர் அல்லவா? காதில் விழுவது தமிழா, கன்னடமா, தெலுங்கா என்று சில சமயம் சந்தேகம் வரும். ஆனால் என் கணக்கில் மட்டும் சந்தேகம் வந்ததில்லை என்று பெருமை கொண்டிருந்தேன். அந்தப் பெருமையைச் சென்ற மாதம் என் பேத்தி குலைத்துவிட்டாள்.

"தாத்தா, பெட்டிக்கு 60 போல்ட் என்று ஏன் வைத்தீர்கள்? 59 வைத்தால் என்ன?" என்று கேட்டாள்.

"60-ஐ இரண்டு, மூன்று, நாலு, ஐந்து, ஆறு பேருக்கு மிச்சமின்றிப் பங்கிடலாம். 59 யாருக்கும் வளைந்து கொடுக்காதே!" என்றேன்.

"அப்படியானால் நீங்களும் ராமானுஜன் கட்சிதான்" என்று அவள் சிரித்தாள்.

பிறகு விஷயத்தை விளக்கினாள். 60-க்கு மொத்தம் 12 வகுத்திகள். அதற்குக் குறைந்த எந்த எண்ணுக்கும் அத்தனை இல்லை. இவ்விதம் தனக்கு முந்திய எண்கள் எல்லாவற்றையும் வகுத்திகளின் தொகையில் வென்று நிற்கும் எண்களைப் பற்றி ராமானுஜன் 1915-ஆம் வருஷம் லண்டன் கணித சங்கத்தின் வெளியீட்டில் நீண்ட கட்டுரை எழுதினார். அதற்காகவே 1916-இல் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலை அவருக்குப் பட்டம் அளித்தது. சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்தவர், கணக்கு யந்திரம் எதுவும் இன்றி, அப்படிப்பட்ட 102 எண்களை அட்டவணையாக அமைத்தார். கடைசி எண் 6,74,632 கோடியே 83 லட்சத்து 88 ஆயிரத்து 800. அதற்கு வகுத்திகள் 10,080!

நான் பிரமித்துப் போனேன். பேத்தி விடவில்லை. "ஆனால் தாத்தா, நடுவே ஒன்றை விட்டுவிட்டார்" என்றாள்.

விட்டுப்போனது 29,331 கோடியே 86 லட்சத்து 25 ஆயிரத்து 600. அதன் வகுத்திகள் 5,040. இருவரும் உட்கார்ந்து காகிதத்தில் பெருக்கிப் பார்த்தோம். அந்த எண்ணை 23-ஆல் பெருக்கினால், என்ன ஆச்சரியம்! அட்டவணையின் கடைசி எண் அப்படியே வருகிறது. சிகரத்தைச் சரியாகத் தொட்டவர், அதற்கு வெகு அருகில் இருந்த ஒரு படியைக் கவனிக்காமல் தாண்டியிருக்கிறார். அதனால் அவருடைய கட்டுரையின் மதிப்பு ஒரு துளியும் குறையவில்லை.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. 1986-ஆம் வருஷம் கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பையன் ஒருவன் என்னிடம் பயிற்சிக்கு வந்தான். இருப்புக் கணக்கெடுப்பில் நானூறு வரிகளுக்கு மேல் முத்து முத்தாக எழுதினான். ஒரே ஒரு வரி விட்டுப்போயிற்று. பேரிங்குகள் அலமாரியில் பத்திரமாக இருந்தன, காகிதத்தில்தான் இல்லை. 'கவனக்குறைவு' என்று மேலிடத்துக்கு எழுதினேன். அவனுக்கு வேலை நிரந்தரமாகவில்லை. கண் கலங்க, "போய் வருகிறேன், ஐயா" என்று சொல்லிவிட்டுப் போனான். எழுதிய நானூறு வரிகளைப் பற்றி நான் ஒரு வார்த்தைகூட எழுதவில்லை!

அவன் இப்போது எங்கே இருக்கிறானோ? இந்தப் பத்திரிகை அவன் வீட்டிலும் வாசிக்கப்படலாம். தம்பி, அன்று விட்டுப்போனது உன் கணக்கில் ஒரு வரிதான். என் கணக்கில் விட்டுப்போனது நீ.