நோவாத நோய்

'நோய்' என்னும் சொல் 'நோ' என்ற வினையடியிற் பிறந்தது. நோதல் என்பது வலித்தல். நான் ஆய்வு செய்யும் மைசூரில், கன்னடம் பேசுவோர் வலியை இன்றும் 'நோவு' என்றே சொல்கின்றனர்.

மார்பிற் கட்டி தோன்றியும் என் சின்னம்மா எட்டு மாதம் மருத்துவரிடம் செல்லவில்லை. அச்சம், கூச்சம், செலவு என்று நாங்கள் காரணம் தேடினோம். அவர் சொன்னது வேறு: "வலிக்கவே இல்லையே, அதை எப்படி நோய்னு நினைக்கிறது?"

சொற்பிறப்பு எவரையும் தடுத்து நிறுத்துவதில்லை. ஆயினும், வலிப்பதே நோய் என்று அச்சொல்லைப் படைத்த பழைய எண்ணம் நம்முள் இன்னும் வாழ்கிறது. மார்பகப் புற்றுநோய்க் கட்டியோ தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. சின்னம்மா இப்போது சிகிச்சையில் இருக்கிறார்.

நண்பர்களே, வீட்டுப் பெண்களிடம் "வலிக்கிறதா?" என்பதோடு நிறுத்தாதீர்கள், "புதிதாக ஏதேனும் தட்டுப்படுகிறதா?" என்றும் கேளுங்கள்.