கித்துல்கலவில் ஒரு நாள்

எங்கள் வீட்டிலிருந்து மருதமுனைக் கடற்கரைக்கு ஐந்து நிமிட நடை. ஆனாலும் எனக்கு நீந்தத் தெரியாது. ராத்தாவுக்கும் தெரியாது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி உம்மாவின் கையிலிருந்து அவரது தங்கை நழுவிப் போனார். நான் அப்போது பிறந்திருக்கவில்லை. அந்தச் சாச்சியைப் பற்றி உம்மா எதுவும் சொன்னதில்லை. "தண்ணிப் பக்கம் போகாதீங்க" என்று மட்டும் சொல்லுவார்.

சாதாரண தரப் பரீட்சை முடிந்த விடுமுறையில் மாவனல்லையிலுள்ள மாமா வீட்டுக்குப் போயிருந்தேன். மாமா எங்களைக் கித்துல்கலவுக்குக் கூட்டிப் போனார். உம்மாவிடம் தொலைபேசியில், "ஆறு பார்க்கப் போறம்" என்றேன். பொய்யல்ல. முழு உண்மையும் அல்ல.

மஸ்கெலிய ஓயாவும் கெஹெல்கமு ஓயாவும் மலையில் ஒன்றுசேர்ந்துதான் களனி கங்கை ஆகிறது. மேலேயுள்ள நீர்மின் நிலையங்கள் தண்ணீர் விட்டால் ஆறு வேகமெடுக்கும். கரையில் நின்றபோதே அதன் இரைச்சலில் மாமி பேசியது கேட்கவில்லை. சால்வையின் நுனிகளை உள்ளே செருகி, ஹிஜாபுக்கு மேல் ஹெல்மட்டை இறுக்கிக்கொண்டோம். காற்றடைத்த பெரிய படகில் நாங்கள் நால்வர், பின்னால் வழிகாட்டி. எங்களுக்கு முன்னால் ஒரு இளைஞர் சிறிய கயாக்கில் தனியே போனார். விழுபவர்களை எடுப்பதுதான் அவர் வேலையாம். அதைக் கேட்டதும் எனக்கு வயிற்றைக் கலக்கியது.

வழிகாட்டி சிங்களத்தில் சொன்னதை மாமி தமிழில் சொன்னார். விழுந்தால் எழுந்து நிற்கக்கூடாது. பாறை இடுக்கில் கால் மாட்டிக்கொண்டால் ஆறு ஆளைக் குப்புறத் தள்ளி அமுக்கிவிடும். மல்லாந்து, கால்களைத் தூக்கி, தண்ணீர் போகும் பக்கம் நீட்ட வேண்டும். பாறை வந்தால் கால் முதலில் படட்டும், தலை அல்ல.

இரண்டு பாய்ச்சல்களைக் கடந்தோம். கயாக்காரர் ஒவ்வொன்றையும் தாண்டியதும் ஒரு பெரிய பாறையின் பின்னால் திரும்பி நின்று எங்களைப் பார்த்தார். சுற்றிலும் ஆறு பாய, அந்தப் பாறைக்குப் பின்னால் மட்டும் தண்ணீர் மெதுவாக மேல்நோக்கித் திரும்பியது. அவர் துடுப்பைக்கூட அசைக்கவில்லை. கடல் ஓரத்தில் வளர்ந்த எனக்கு, தண்ணீருக்குள் ஒதுங்கி நிற்க இடம் இருக்கும் என்பது புதிதாக இருந்தது.

மூன்றாவதில் விழுந்தேன்.

உள்ளே சத்தமே இல்லை. எல்லாம் வெள்ளை. அந்த வெள்ளை முழுக்கக் காற்று. காற்றுக் கலந்த தண்ணீர் ஆளைச் சரியாகத் தாங்காது. லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தும் அமிழ்ந்துதான் மேலே வந்தேன். என் கால்கள் தரையைத் தேடின. நிற்கத்தான் உடம்பு சொல்கிறது! அந்த ஆசையை அடக்கிக் கால்களைத் தூக்கியதுதான் நான் அன்று செய்த ஒரே கெட்டித்தனம். பிறகு கயாக்கின் முனையிலிருந்த பிடி என் கைக்கு வந்தது. "பய வென்ன எப்பா, நங்கி" என்றது ஒரு குரல். இழுபட்டுப் பாறையின் பின்னால் சேர்ந்தேன். பிறகு அழுதேன். மச்சி அதைப் படமெடுத்து வைத்திருக்கிறாள்.

ஊருக்கு வந்த அன்றே உம்மாவிடம் சொன்னேன். மீன் ஆய்ந்துகொண்டிருந்தவர் கத்தியை வைத்துவிட்டார். ஏச்சுக்குக் காத்திருந்தேன்.

"கால எந்தப் பக்கம் நீட்டச் சொன்னாங்க?"

குசினித் தரையில் மல்லாந்து படுத்துக் காட்டினேன்.

உம்மா வெகுநேரம் என் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "தங்கச்சி எழும்பி நிக்கத்தான் பாத்தா, மனே" என்றார்.

கடலின் பேரலை ஆறு அல்ல. அதை நான் சொல்லவில்லை. எழுந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். சாச்சிக்கு நீளமான முடி என்றும், கணக்கில் கெட்டிக்காரி என்றும் அன்றைக்குத்தான் கேட்டேன்.

இஷாவுக்குப் பிறகு உம்மா தொலைபேசியை எடுத்தார். மாமாவுக்கு அரை மணித்தியாலம் ஏச்சு விழுந்தது.