கடை டம்ளரும் காலிப் பட்டியலும்

பதிவு எழுதி ரொம்ப நாளாச்சு மக்களே. ஆணி அதிகம்னு சொன்னா வழக்கமான சாக்குன்னு நினைப்பீங்க. இந்தத் தடவை நெசமாவே ஆணிதான். நானே அடிச்சு, நானே மிதிச்சு, நானே புடுங்கின ஆணி. தப்பு என்னவோ ரெண்டே ரெண்டு சதுர அடைப்புக்குறிதான். ஆனா அதுக்குள்ள ஒரு பொண்ணோட முதுகலை ஆய்வேடு போய் மாட்டிக்கிச்சு.

பொட்டி தட்டாத ஜனங்களும் படிக்கணும்கிறதால காபியில இருந்து ஆரம்பிக்கிறேன்.

எங்க மாயவரத்துல கடைக்குப் போய் "ஒரு காபி"ன்னா போதும். பால் எவ்வளவு, சக்கரை எவ்வளவுன்னு யாரும் கேக்க மாட்டாங்க. மாஸ்டர் கையில ஒரு கணக்கு இருக்கு, அதும்படி வந்துடும். வேற மாதிரி வேணும்னா மட்டும் நீங்க வாயைத் திறக்கணும். "ஸ்ட்ராங்கா, சக்கரை கம்மி"ன்னாலும் சரி, "சக்கரை கம்மி, ஸ்ட்ராங்கா"ன்னாலும் சரி, ஒரே காபிதான். நிரல்மொழியில இதைத்தான் டீஃபால்ட் ஆர்க்யுமென்ட்ங்கறாங்க. ஒரு ஃபங்ஷனைக் கூப்பிடும்போது சில விவரத்தை நீங்க கொடுக்கலைன்னா, எழுதினவர் முன்னாடியே வச்சுட்டுப் போன மதிப்பை அது எடுத்துக்கும்.

எல்லாத்துக்கும் டீஃபால்ட் கிடையாது. சூரிச் வந்த புதுசுல பதிவு பண்ணப் போனேன். படிவத்துல பெயர்னு ஒரு கட்டம், குடும்பப் பெயர்னு ஒரு கட்டம். நமக்குக் குடும்பப் பெயர் ஏது? ஒரு எழுத்து இனிஷியல் போட்டேன், கவுன்ட்டர்ல இருந்த அம்மா சிரிச்சுக்கிட்டே திருப்பிக் கொடுத்துட்டாங்க. கடைசியில அப்பா பேரை எழுதினேன். அன்னையில இருந்து இந்த ஊரே என்னை எங்கப்பா பேர் சொல்லித்தான் கூப்பிடுது. முதல் தடவை "திருவாளர் சண்முகம்"னு கூப்பிட்டப்போ அப்பா எங்க இங்க வந்தார்னு திரும்பிப் பார்த்தேன் :-)

இந்தப் பேர் சமாச்சாரத்துல இந்த ஊர்க்காரர் ஒருத்தரைப் பத்தி பழைய ஜோக் ஒண்ணு உண்டு. நிக்லஸ் விர்ட். பக்கத்து விண்டர்தூர்ல 1934ல பிறந்தவர். 1968ல இருந்து 1999 வரைக்கும் இங்க ஈ.டி.எச்.ல பேராசிரியர். 1970ல பாஸ்கல் மொழியைக் கொடுத்தவர், 1984ல டூரிங் விருது வாங்கினவர். 2024 ஜனவரி 1 அன்னைக்குக் காலமானார். ஐரோப்பியர்கள் அவரைச் சரியா "நிக்லஸ் விர்ட்"னு பேர் சொல்லிக் கூப்பிடுவாங்களாம், அதாவது கால் பை நேம். அமெரிக்கர்கள் "நிக்கல்ஸ் வொர்த்"ம்பாங்களாம், அதாவது கால் பை வேல்யூ. நிக்கல்னா அங்க அஞ்சு சென்ட் காசு. அந்தக் கணக்குல என்னைக் கூப்பிடறது கால் பை ரெஃபரன்ஸ். கூப்பிடறது என்னை, கை காட்டறது எங்கப்பாவை.

விர்ட்டோட பாஸ்கல்ல நாம எழுதற ஃபங்ஷனுக்கு டீஃபால்ட் மதிப்பே கிடையாது. மூணு விவரம் கேட்டா மூணையும் கொடுத்தே ஆகணும். ஆனா வேடிக்கை பாருங்க, மொழிக்கு உள்ளேயே வர்ற ரைட்-எல்என் இருக்கே, அதுக்கு மட்டும் எத்தனை விவரம் வேணா கொடுக்கலாம், அகலம் எவ்வளவு, புள்ளிக்கு அப்புறம் எத்தனை இலக்கம்னு சொல்லலாம், சொல்லாமலும் விடலாம். மாமியார் உடைச்சா மண்குடம், மருமக உடைச்சா பொன்குடம். அப்புறம் 1998ல டெல்ஃபியோட நாலாம் பதிப்பு வந்து மருமகளுக்கும் அந்த உரிமையைக் கொடுத்துச்சு. விர்ட்கிட்டயே 1989ல முனைவர் பட்டம் வாங்கின மார்ட்டின் ஓடர்ஸ்கி, லோசான்ல இருந்து உருவாக்கின ஸ்காலாவுல 2010ல 2.8 பதிப்போட இதைச் சேர்த்தார்.

சரி, என் கதைக்கு வர்றேன்.

நான் எழுதறது பைத்தான்ல. எங்க லேப்ல ஈரப்பதம் அளக்கற சென்சார் ஒண்ணை ஓட்டிக்கிட்டு இருந்தோம். ஒரு சுத்துக்கு 250 அளவு, மொத்தம் 40 சுத்து. ஒவ்வொரு சுத்தோட அளவுகளையும் பட்டியல்ல போட்டு சராசரி எடுக்கணும். நான் எழுதின ஃபங்ஷன் தமிழ்ல சொன்னா இப்படி இருக்கும்:

சேர்(அளவு, பட்டியல் = [ ])

பட்டியல் கொடுத்தா அதுல சேர்க்கும். கொடுக்கலைன்னா புதுசா ஒரு காலிப் பட்டியல்ல சேர்க்கும். அப்படித்தான் நான் நினைச்சேன்.

கோடு பிரமாதமா வந்தது. முதல் அஞ்சாறு சுத்துல ஆட்டம், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா அடங்கி, கடைசியில ஏரித்தண்ணி மாதிரி சமதளம். சென்சார் போகப் போக நிதானத்துக்கு வருதுன்னு எல்லாருக்கும் சந்தோஷம். என் எண்களை வச்சு எங்க லேப்ல முதுகலை பண்ற ஒரு பொண்ணு தன் நாலாம் அத்தியாயத்தை முழுசா எழுதி முடிச்சுடுச்சு. யாழ்ப்பாணத்துக் குடும்பம், பிறந்து வளர்ந்தது இங்கேயே. சமர்ப்பிக்க நாலு நாள் இருக்கும்போது என் மேஜைக்கிட்ட வந்து நின்னுச்சு.

"அண்ணா, ஒருக்கா வாறீங்களோ? கடைசிச் சுத்துப் பட்டியல்ல 10,000 அளவு கிடக்கு. 250 தானே இருக்கோணும்?"

"நீ ஏதாவது ரெண்டு தடவை ஓட்டியிருப்பே."

"இல்லை அண்ணா. மூண்டு தரம் பாத்திட்டன்."

நான் சொன்ன அந்த முதல் பதிலை நினைச்சா இப்பவும் கூசுது. பார்க்கறதுக்கு முன்னாடியே அவ மேல தள்ளிட்டேன் பாருங்க.

40 சுத்து, சுத்துக்கு 250. பெருக்கினா 10,000. அப்பவே வயித்துல புளியைக் கரைச்சது.

நடந்தது இதுதான். பைத்தான்ல அந்த டீஃபால்ட் மதிப்பு நீங்க கூப்பிடும்போது தயாராகறது இல்லை. ஃபங்ஷனை வரையறுக்கற அந்த ஒரு நொடியில, ஒரே ஒரு தடவைதான் தயாராகுது. திரும்ப நம்ம காபிக் கடைக்கே வாங்க. சொந்த டம்ளர் கொண்டு வர்றவங்களுக்கு அதுல ஊத்துவார் மாஸ்டர். கொண்டு வராதவங்களுக்குக் கடை டம்ளர். கடையில இருக்கறது ஒரே டம்ளர், கடை திறந்தப்போ வாங்கி வச்சது. கழுவறதே இல்லை. முன்னாடி வந்தவன் மிச்சம் வச்ச காபி மேலேயே உங்களுக்கும் ஊத்தறார். முதல் ஆளுக்கு ஒரு குறையும் தெரியாது. நாற்பதாவது ஆளுக்குக் கிடைக்கறது ஊர் மொத்தத்தோட காபி.

என் நாற்பதாவது சுத்தும் அதேதான். முந்தின 39 சுத்தும் சேர்ந்த சராசரி. எதைக் கூட்டிக்கிட்டே போனாலும் மொத்தச் சராசரி அடங்கத்தான் செய்யும். சென்சார் ஒண்ணும் நிதானத்துக்கு வரலை.

இது ரூபியில எழுதியிருந்தா நடந்திருக்காது. 2015ல டீஃபால்ட் வந்த ஜாவாஸ்க்ரிப்ட்லயும் நடந்திருக்காது, ஸ்காலாவுலயும் இல்லை. அங்கெல்லாம் கூப்பிடற ஒவ்வொரு தடவையும் புது டம்ளர். பைத்தான்காரங்களுக்கும் இது தெரிஞ்ச குழிதான், பாடத்திலேயே எச்சரிக்கை போட்டிருக்கு. டீஃபால்ட்டா "ஒண்ணுமில்லை"ங்கற நன் மதிப்பை வச்சுட்டு, உள்ளே போய் "ஒண்ணுமில்லைன்னா புதுப் பட்டியல் எடு"ன்னு ஒரு வரி எழுதணும். நேரத்துக்கும் இதே கதிதான். பதிவேட்டுல "நேரம் = இப்போது"ன்னு டீஃபால்ட் வச்சா, நிரல் தொடங்கின நேரமே நாள் முழுக்க விழும். எனக்கு இதெல்லாம் தெரியும்! ரெண்டு வருஷம் முன்னாடி ஜூனியர் பையனுக்கு நானே சொல்லிக் கொடுத்தேன்.

அன்னைக்கு ராத்திரி கைடுக்கு மின்னஞ்சல் எழுதினேன். நாலு தடவை அழிச்சு எழுதினேன். "பைத்தானின் தன்மையால்"னு ஆரம்பிச்ச வரியை அழிச்சுட்டு "நான் தவறாக எழுதிவிட்டேன்"னு போட்டேன். மறுநாள் அவர் கேட்டது ஒண்ணுதான்: சரியான எண்கள் எப்போ கிடைக்கும்? சாயங்காலத்துக்குள்ள ஓட்டிக் கொடுத்தேன். கோடு முதல்ல இருந்து கடைசி வரைக்கும் ரம்பப் பல்லு மாதிரி இருந்தது. அந்தப் பொண்ணு ரெண்டு ராத்திரி தூங்காம நாலாம் அத்தியாயத்தைத் திருப்பி எழுதுச்சு, நிதானம் ஏதும் தெரியவில்லைன்னு. கிட்ட உட்கார்ந்து அட்டவணை எல்லாம் நான் போட்டுக் கொடுத்தேன். "பரவாயில்லை அண்ணா"ன்னு சொன்னா. ஒரு தடவைதான் சொன்னா.

அதுக்கப்புறம்தான் பெர்ட்ராண்ட் மேயர் புத்தகத்தை எடுத்துப் படிச்சேன். அவரும் இதே ஈ.டி.எச்.ல 2001ல இருந்து பேராசிரியரா இருந்தவர், ஐஃபெல் மொழியோட அப்பா. அவர் மொழியிலயும் டீஃபால்ட் ஆர்க்யுமென்ட் கிடையாது. 1997ல வந்த இரண்டாம் பதிப்புல பிரிக்கிறார்: வேலை எதுமேல நடக்குதோ அது ஒண்ணு, எப்படி நடக்கணும்கிற விருப்பம் இன்னொண்ணு. ஒரு ஆவணத்தை அச்சடிக்கணும்னா ஆவணம்தான் விஷயம், தாள் அளவும் கலரும் விருப்பம். விருப்பத்தை ஆர்க்யுமென்ட்டா நுழைக்காதே, தனியா அமைச்சு வை, அமைக்கலைன்னா அதுக்கு மட்டும் டீஃபால்ட் இருக்கட்டும்ங்கறார். படிக்கும்போது சுருக்குன்னு இருந்தது. என் பட்டியல் விருப்பம் இல்லை, விஷயமே அதுதான். அதைப் போய் "கொடுத்தா கொடு"ன்னு விட்டிருக்கேன். ஆனா மேயர் சொல்றபடி எல்லாத்துக்கும் தனித்தனியா அமைச்சுக்கிட்டு உட்கார எனக்குப் பொறுமை இல்லை. சக்கரைக்கு டீஃபால்ட் வேணும் சாமி. டம்ளருக்குத்தான் வேண்டாம்.

போன வாரம் லேப்ல இருக்கற மொத்த நிரல்லயும் அந்தச் சதுர அடைப்புக்குறியைத் தேடினேன். 11 இடத்துல கிடைச்சது. ஒன்பதுல பட்டியலைப் படிக்க மட்டும்தான் செய்யறாங்க, யாரும் எதுவும் சேர்க்கலை, ஆபத்தில்லை. ஒண்ணு என்னோடது. இன்னொண்ணு படிச்சு முடிச்சு வேற ஊருக்குப் போயிட்ட சீனியர் ஒருத்தரோடது. அதுல சேர்க்கறாங்க. தயங்கித் தயங்கி அவருக்கு எழுதினேன். பத்தே நிமிஷத்துல ஒரு வரி பதில் வந்தது: "இது எந்த வருஷத்துல இருந்து இருக்கு?"

பார்த்துச் சொல்றேன்னு போட்டுட்டு, பழைய பதிப்புகளை ஒண்ணொண்ணா திறந்து பார்த்துக்கிட்டு இருக்கேன்.