கார்ட்ரிட்ஜுக்குள் ஓடும் பனிச்சறுக்கு

1993-இல் ஆஸ்லோவில் தொடங்கிய ஃபன்காம் விளையாட்டு நிறுவனம் என்றதும் பலருக்கும் ஆன்லைன் விளையாட்டுகள்தான் நினைவுக்கு வரும். ஆனால் அவர்களின் அபாரமான உழைப்பு சூப்பர் நின்டெண்டோ கன்சோலில் இருக்கிறது: 1996-இல் ஐரோப்பாவில் மட்டும் வெளியான ‘விண்டர் கோல்டு’ விளையாட்டு. நார்வேயின் லில்லேஹாமர் பனிச்சரிவு அதில் முப்பரிமாணத்தில் விரியும்.

அந்தக் கன்சோலுக்குத் தனியாக அவ்வளவு தெம்பு கிடையாது. கணக்குப் போடும் சூப்பர் எஃப்எக்ஸ் சில்லு, விளையாட்டு அடங்கிய கார்ட்ரிட்ஜுக்குள்ளேயே இருந்தது. கார்ட்ரிட்ஜின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்: வழக்கமான பித்தளை நிற முனைகளுக்கு இருபுறமும் கூடுதல் முனைகள் தெரியும்.

ஆகவே, பழைய கன்சோல் விளையாட்டுகளைக் கணினியில் ஓடவைக்கும் எமுலேட்டர் எழுதுகிறவர்கள் கன்சோலோடு அந்தச் சில்லின் வேலையையும் மென்பொருளிலேயே செய்துகாட்ட வேண்டும். ஸ்னெஸ்9எக்ஸ் என்ற எமுலேட்டர் அதை அழகாகச் செய்கிறது. எத்தனை பேரின் பொறுமை அது!

பரணில் பழைய கார்ட்ரிட்ஜ் கிடந்தால் தயவுசெய்து தூக்கிப் போடாதீர்கள்.