பாறை நாட்டுக்கு வந்த அம்மிக்கல்

திண்டுக்கல்லில் கரூர்ப் பேருந்தில் ஏறி, எரியோட்டையும் கோவிலூரையும் கடந்து வடக்கே சென்றால் குஜிலியம்பாறை வரும். வழிநெடுகச் செம்மண் நிலம். மழையை நம்பி விதைத்த சோளம், நிலக்கடலை, ஆங்காங்கே முருங்கைத் தோட்டங்கள், வேலியோரம் மேயும் ஆடுகள். இவற்றுக்கு நடுவே பாறைகள் முதுகு காட்டிப் படுத்திருக்கும். இன்று இது ஒரு வட்டத்தின் தலைநகர். அலுவலகங்களும் கடைவீதியும் பெருகிவிட்டன. ஆயினும் கடைவீதியைத் தாண்டி நாலு எட்டு வைத்தால் மீண்டும் பாறைதான்.

அங்கே வாழ்க்கைப்பட்ட என் தங்கையின் வீட்டுக்குச் சென்ற மாதம் போயிருந்தேன். அவள் மகன் நூற்பாலையில் இயந்திரப் பராமரிப்பு வேலை பார்ப்பவன். அவனுக்குத் துபாயில் ஐந்தாண்டு வேலை கிடைத்திருக்கிறது. மனைவியையும் குழந்தையையும் உடன் அழைத்துச் செல்ல அனுமதியும் உண்டு. வீடு முழுவதும் அட்டைப் பெட்டிகள். எதை எடுப்பது, எதை விடுப்பது என்பதில் தாய்க்கும் மகனுக்கும் மருமகளுக்கும் மூன்று கட்சி.

"மாமா, காரையும் கப்பலில் ஏற்றிவிடலாம் என்று இருக்கிறேன். இங்கே விற்றால் பாதி விலைகூடத் தேறாது" என்றான் பையன். நாலு வருடத்துக்கு முன் வங்கிக் கடனில் வாங்கிய கார் அது. வாசல் வேப்பமரத்தடியில் துணி போர்த்தி, பிள்ளையைப் போல் வைத்திருந்தான்.

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். நம் நாட்டில் வண்டிகள் சாலையின் இடப்புறம் செல்கின்றன. ஆகவே ஓட்டுநர் வலப்பக்கம் அமர்கிறார். வளைகுடா நாடுகளில் எல்லாம் தலைகீழ். ஐக்கிய அரபு அமீரகத்தில் வலப்பக்கம் ஸ்டியரிங் உள்ள வண்டியைப் பொதுவாகப் பதிவு செய்வதேயில்லை. பதிவில்லாத வண்டியைக் கொண்டுபோய் என்ன செய்வது? போதாக்குறைக்கு, வங்கிக் கடனை முடித்துப் பதிவுச் சான்றில் உள்ள அடைமானக் குறிப்பை நீக்கவேண்டும். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் தடையின்மைச் சான்று பெறவேண்டும். கப்பல் கூலி கட்டவேண்டும். 'கார்னே' என்றொரு சீட்டு இருக்கிறதாமே என்று கேட்டான். இருக்கிறது. ஆனால் அது வண்டியோடு உலகம் சுற்றுகிறவர்களுக்கு உரியது; சுங்கவரி கட்டாமல் ஒரு நாட்டுக்குள் நுழைந்து, குறித்த கெடுவுக்குள் அதே வண்டியோடு வெளியேறிவிட வேண்டும். குடியிருக்கப் போகிறவனுக்கு அது உதவாது.

பையன் முகம் வாடிவிட்டது. தங்கை, "அப்படியானால் நான் கட்டிவைத்த சாமான்களாவது போகட்டும்" என்று மசாலாப் பொட்டலங்களைக் கொண்டுவந்து பரப்பினாள். அதில் கசகசாவும் இருந்தது. நம் வீட்டில் குருமாவுக்கு அரைக்கும் அந்தக் கசகசா, அமீரகத்தில் தடை செய்யப்பட்ட போதைப் பொருள் பட்டியலில் இருக்கிறது. பெட்டியில் அகப்பட்டால் சிறைக்கே போகநேரும். அதைக் கேட்டுத் தங்கை மார்பில் சிலுவை போட்டுக்கொண்டாள்! மருந்துகளிலும் எச்சரிக்கை வேண்டும். சில இருமல் மருந்துகளும் வலி மாத்திரைகளும் அங்கே முன்னனுமதியின்றிக் கொண்டுபோகக் கூடாதவை. மருத்துவரின் சீட்டு கையோடு இருப்பது நலம்.

இந்தப் பேச்சையெல்லாம் திண்ணையில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருந்தார் எதிர்வீட்டுப் பாட்டி. அறுபத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். "எங்கப்பாருக்கு இப்படி எடுத்துச் சொல்ல அன்னைக்கு ஓர் ஆள் இல்லாமப் போச்சுங்க ஐயா" என்றார்.

அவர் பிறந்தது இலங்கையில், அட்டனுக்கு அப்பால் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில். பாட்டனார் இந்தப் பக்கத்திலிருந்து கங்காணியோடு கடல் கடந்தவர். 1972இல், பதினான்கு வயதில், பெற்றோருடன் இந்தியாவுக்கு வந்துசேர்ந்தார்.

வாசகர்களில் மூத்தோர் இவ்வரலாற்றை அறிவர். இளையோருக்காகச் சிறிது கூறுகிறேன். 1964 அக்டோபர் 30இல் நம் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டனர். இலங்கையில் நாடற்றோராய் நின்ற 9,75,000 இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தருவது, எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் முடிவு செய்வது என்று பேச்சு. 1974இல் அந்த எஞ்சியோரும் பாதிப் பாதியாகப் பிரிக்கப்பட்டனர். தேயிலைக் கொழுந்து கிள்ளியவர்களில் ஒருவரையும் கேட்டு எழுதிய கணக்கு அன்று இது. ஒப்பந்தம் கையெழுத்தாகி இரண்டு மாதம் முடியுமுன், டிசம்பர் 22 இரவு வீசிய புயலில் தனுஷ்கோடித் துறையே அழிந்தது. ஆகவே தாயகம் திரும்பியோர் தலைமன்னாரிலிருந்து இராமேஸ்வரம் வந்திறங்கினர். அவர்களைச் சுமந்தது 'இராமானுஜம்' என்னும் கப்பல். 1984இல் அப்போக்குவரத்து நின்றுபோகும் வரை, பின் பிறந்த குழந்தைகளையும் சேர்த்து நான்கரை இலட்சம் பேருக்கு மேல் இவ்வாறு வந்தனர்.

அவர்கள் எதைக் கொண்டுவரலாம் என்பதும் அந்த உடன்படிக்கையிலேயே இருந்தது. சேமநிதி, பணிக்கொடை உட்படத் தம் உடைமை அனைத்தையும் எடுத்துச் செல்லலாம். ஒரு குடும்பம் கொண்டுசெல்லக்கூடிய உச்சவரம்பை ரூ.4,000க்குக் கீழே குறைப்பதில்லை என்று இலங்கை அரசு ஒப்புக்கொண்டது. மூன்று தலைமுறை உழைப்புக்கு அரசுகள் காட்டிய தாராளம் அவ்வளவுதான். பெரும்பாலான குடும்பங்களுக்கு அந்த வரம்பை எட்டும் அளவுக்கே பொருள் இருந்ததில்லை என்பது வேறு கதை.

"கண்டி ஆபீஸ்ல பாஸ்போர்ட்டு வந்ததும் லயம் முழுக்க ஆளாளுக்கு யோசனை சொன்னாங்க" என்று பாட்டி தொடர்ந்தார். அவருடைய தந்தையிடம் ஒரு ராலி சைக்கிள் இருந்தது. தோட்டத்து லயத்தில் சைக்கிள் வைத்திருந்தவர் வெகு சிலரே. மலைச்சரிவில் மிதிப்பதைவிடத் தள்ளிக்கொண்டு நடந்ததுதான் அதிகமாம்; இருந்தாலும் அது ஒரு கௌரவம். சைக்கிளைக் கொண்டுபோனால் சுங்கத்தில் பிடித்துக்கொள்வார்கள் என்று யாரோ சொன்னதை நம்பி, வந்த விலைக்கு விற்றுவிட்டார். அதற்குப் பதிலாகத் தாயார் பிடிவாதமாக ஓர் அம்மிக்கல்லையும் குழவியையும் சாக்கில் கட்டினார். இந்தியாவில் போய் அம்மிக்கு எங்கே அலைவது என்பது அவர் கவலை. மலைக்குளிருக்கு வாங்கிய ஆறு கம்பளிகளும் ஒரு தகரப் பெட்டியில் ஏறின.

மலைநாட்டு ரயில் நிலையங்களில் போகிறவர்களும் இருக்கிறவர்களும் கட்டிப்பிடித்து அழுததால், அந்த ரயிலுக்கு 'ஒப்பாரிக் கோச்சி' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அழுது முடித்துக் கப்பலில் ஏறியபோதுதான் தந்தையார் கண்ணுற்றார்: மற்றவர்கள் சைக்கிளும் தையல் இயந்திரமும் சுகமாகக் கொண்டுவருகிறார்கள்! கப்பல் இராமேஸ்வரம் சேரும்வரை அவர் மனைவியுடன் ஒரு வார்த்தை பேசவில்லையாம்.

மண்டபம் முகாமில் சில வாரம். ஒரு காலத்தில் இலங்கைக்குக் கூலிகளாகப் போனவர்களை நோய்ப் பரிசோதனைக்காகத் தடுத்து வைத்த அதே முகாம்தான். அங்கே குடும்ப அட்டை தந்து, எங்கே போகிறீர்கள் என்று கேட்டார்கள். நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டம், நூற்பாலை வேலை, வியாபாரக் கடன் என்று பல வழிகள் இருந்தன. தந்தையார், பாட்டனாரின் சொந்த மண் என்று குஜிலியம்பாறையைச் சொன்னார். அந்த மண்ணில் அவர்களுக்கு ஒரு சாண் நிலமும் இல்லை. அடையாளம் கண்டுகொள்ள ஓர் உறவினரும் இல்லை.

"வந்து இறங்கிப் பார்த்தா, கண்ணுக்கு எட்டின மட்டும் பாறைங்க ஐயா. நாங்க கடல் தாண்டிக் கல்லைக் கட்டிக்கிட்டு வந்திருக்கோம்!" என்று பாட்டி வாய்விட்டுச் சிரித்தார். நாங்களும் சிரித்தோம். ஆனால் அடுத்து அவர் சொன்னது சிரிப்பதற்குரியதன்று. வியாபாரக் கடனை வாங்கி, முருங்கைக்காயும் கடலையும் ஊர் ஊராய் எடுத்து விற்கத் தொடங்கினார் தந்தை. சமவெளி, சைக்கிள் ஒன்று இருந்தால் ஒரே நாளில் நாலு கிராமம் சுற்றி வரலாம். இல்லாததால் தலைச்சுமையாக நடந்தார். வெயில் பழகாத உடம்பு. இரண்டு கோடைக்குள் படுத்துவிட்டார். கடன் நின்றது, பதினாறு வயதில் பாட்டி வயல்கூலிக்குப் போனார். கம்பளிகள் ஒவ்வொன்றாகக் கொடைக்கானல் பக்கம் மரம் வெட்டப் போனவர்களுக்கு விலையாயின.

நான் பாட்டியின் வீட்டுக்குள் போய் அந்தத் தகரப் பெட்டியைப் பார்த்தேன். பச்சைச் சாயம் உரிந்து, எண்கள் பாதி அழிந்திருந்தன. அதன் அடியில், பிளாஸ்டிக் உறைக்குள், தந்தையின் பழைய கடவுச்சீட்டும் குடும்ப அட்டையும். பிற்காலத்தில் பிள்ளைகளின் படிப்புக்கும் கடனுக்கும் 'தாயகம் திரும்பியோர்' என்று நிரூபிக்க அந்த இரண்டு தாள்கள்தான் உதவின என்றார். கொண்டுவந்த மூட்டைகளிலேயே கனம் குறைந்தவை அவை.

பையன் இதையெல்லாம் கேட்டபடி கதவருகே நின்றிருந்தான். வீட்டுக்குத் திரும்பியதும் அட்டைப் பெட்டிகளைப் பிரித்து மீண்டும் அடுக்கத் தொடங்கினான். நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டான்: திருமணப் பதிவுச் சான்று, குழந்தையின் பிறப்புச் சான்று, படிப்புச் சான்றுகள், இவற்றில் தூதரக முத்திரை பெறவேண்டியவை எவை என்று வேலை தருவோரிடம் கேட்பது, மூலத் தாள்களைச் சரக்கில் போடாமல் கைப்பையில் வைப்பது, பெட்டிக்குப் பெட்டி எண் இட்டுச் சாமான் பட்டியல் தயாரிப்பது. நான் சொல்லாததையும் ஒன்று எழுதினான்: 'கார் – வேடசந்தூரில் விலை கேட்க.'

மாலைப் பேருந்துக்குப் புறப்படும்போது தங்கைக்கு இன்னொரு சந்தேகம். துவையல் அரைக்க மருமகள் என்ன செய்வாள்? சின்ன அம்மி ஒன்றை வைத்தனுப்பினால் என்ன?

"மிக்ஸியே போதும்" என்றேன். "அங்கேயும் நம் மின்சார அளவுதான். பிளக் மட்டும் வேறு; மூன்று தட்டைக் கால் உள்ளதை மாட்டிக்கொண்டால் ஓடும்."

திண்ணையிலிருந்த பாட்டி, "வேணாம் தாயீ, கல்லு மட்டும் வேணாம்" என்றார். பின்புறம் அவருடைய மருமகள் அந்த இலங்கை அம்மியில்தான் மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தாள். ஐம்பது ஆண்டில் நடுவே குழிந்துவிட்டது. இரண்டு முறை கொத்து வைத்தாயிற்றாம்.