பாட்டா, படிப்பா?

சில ஆண்டுகளுக்கு முன் மறிச்சுக்கட்டிக்குச் சென்றிருந்தேன். மன்னாரிலிருந்து சிலாவத்துறை வழியே தெற்கு நோக்கிச் சென்றால், வில்பத்துக் காட்டின் ஓரமாக வரும் ஊர். அங்கே பெரியவர் ஒருவரை 1990 முதல் அறிவேன். அவ்வாண்டு ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது, செய்தி திரட்டப் போன புத்தளத்து முகாமொன்றில் ஏற்பட்ட பழக்கம் அது. 2009இல் போர் முடிந்த பின்னர் அவர் குடும்பம் ஊர் திரும்பியது.

பேரனைப் பற்றிப் பேசவே அழைத்திருந்தார். மன்னார் நகரில் தங்கிப் படித்த பையன், உயர்தரத்தில் கர்நாடக சங்கீதம், தமிழ், வரலாறு மூன்றிலும் நன்றாகத் தேறியிருந்தான்.

"காணி, மாடு, வீடு எல்லாத்தையும் விட்டுட்டுப் போனம் தம்பி. கூட வந்தது படிப்பு ஒண்டுதான். அதையும் இவன் பாட்டுக்குக் குடுக்கப் பாக்கிறான்" என்றார் பெரியவர்.

பையனோ இரண்டும் வேண்டுமென்றான். அமெரிக்காவின் ஓபர்லின் கல்லூரியில் ஐந்தாண்டுகளில் இசைப்பட்டமும் கலைப்பட்டமும் சேர்த்தே பெறலாம் என்பதை இணையத்தில் படித்திருந்தான். நமது பல்கலைக்கழக அனுமதியோ ஒருவருக்கு ஒரு பாடநெறியையே தரும். கலைப்பீடம் சென்று வரலாறு படிக்கலாம். அன்றேல், 1960இல் மருதனார்மடத்தில் இசைக்கல்லூரியாகத் தோன்றி, பின்னர் யாழ். பல்கலைக்கழகத்தோடு இணைந்த இராமநாதன் நுண்கலைக்கழகத்தின் வழியையோ, மட்டக்களப்புக் கல்லடியிலுள்ள விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தையோ நாடலாம். அங்கு பெறுவதும் முழுமையான பல்கலைக்கழகப் பட்டமே. அதைக் கொண்டு பட்டதாரி ஆசிரியராகலாம். பெரியவருக்கு இது புதிய செய்தி.

விபுலாநந்த அடிகளையும் நினைவூட்டினேன். இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரி அவர். மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதரும் ஆவார். கணிதமும் இயற்பியலும் கற்ற அறிவோடு பழந்தமிழிசையை ஆராய்ந்ததனாலேயே 1947இல் யாழ்நூல் பிறந்தது. அவரும் அனைத்தையும் ஒரே நேரத்தில் கற்றவர் அல்லர்.

ஆகவே, முதலில் இசை என்பதே என் யோசனை. குரலும் விரலும் இளமையில் குருவின் முன்னிலையில் பழக வேண்டியவை. வரலாற்றை முப்பது வயதிலும் வெளிவாரியாகப் படிக்கலாம். இதை அனுபவத்தால் சொல்கிறேன். பதினெட்டு வயதில், பத்திரிகை வேலை கிடைத்ததும் வயலினை உறையிலிட்டேன். ஓய்வு பெற்றபின் எடுத்தபோது மனம் இருந்தது, விரல்கள் வரவில்லை.

பெரியவர் நெடுநேரம் பேசவில்லை. நான்தான் கேட்டேன்:

"முகாமில் இராத்திரியில் பாடுவீங்களே, காக்கா, அந்தப் பாட்டுகளை எங்கேயிருந்து கொண்டு வந்தீங்க?"

அவர் பேரனைப் பார்த்தார். "உம்மா பாடினது. அதுவும் கூடத்தான் வந்தது" என்றார்.

செய்முறைத் தேர்வு எப்போது என்று பிறகு அவரே விசாரித்தார். விண்ணப்பத்தை அன்று மாலையே நிரப்பினோம்.